நான்கு பக்கமும் தைத்த பெயர்

மார்ச் 3

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. உன் கையை உடைத்துவிட்டார்கள் என்று பட்டன் மாமா சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்புறம் என்ன நலம்?

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேறு ஊருக்குப் போய்விட்டாய். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடத் தோன்றவில்லையா? அம்மா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உன் தட்டைக் கழுவிக் கழுவி அடுக்கி வைக்கிறாள். யாரும் அதில் சாப்பிடவில்லை, ஆனாலும் கழுவுகிறாள்.

தோல் தொழிற்சாலையில் கூலி கேட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தானே நீ காவல் நிலையத்துக்குப் போனாய்? ஒரு கேள்விக்கு ஒரு கை என்றால் நீ கேட்காமல் வைத்திருக்கும் கேள்விகளுக்கு உடம்பு போதாது.

உன் சங்க அலுவலகத்துக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். பூட்டின் மேல் சிவப்பு அரக்கு. பக்கத்து அறையில்தானே பட்டன் மாமா சரக்கு வைத்திருக்கிறார்? அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறாராம். நீ போனில் பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று அவர்தான் சொன்னார். பட்டன், ஜிப் வாங்க அவர் நீ இருக்கும் ஊருக்கு அடிக்கடி வருவதால் கடிதத்தை அவரே கொண்டுவந்து தருவாராம். "எனக்கென்னம்மா பயம்? பட்டன் டப்பாவைக் கொட்டி எவன் பாக்கப் போறான்?" என்றார். சொல்லும்போது அவர் கையிலிருந்த டப்பா கலகலவென்று ஆடியது.

எனக்கு வேலை அப்படியேதான் இருக்கிறது. மாஸ்டர் கடையில் காலையிலிருந்து மாலைவரை சீருடை தைக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சட்டை முடிந்து இப்போது காவலர் சட்டை. உன்னை அடித்தவர்கள் போடுகிற அதே துணிதான். கத்தரி போடும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

உடைந்தது வலது கையா, இடது கையா? அதையாவது எழுது.

உன் தங்கை

மார்ச் 9

ஊமைக்கோட்டானுக்கு,

வலது கை. இந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்தாலே தெரியும். இடது கையால் எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒருமுறை இளைப்பாற வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வராமல் போனது வேண்டுமென்றே. வந்திருந்தால் அவர்களும் என் பின்னாலேயே வந்திருப்பார்கள். அம்மாவிடம் சொல்: நான் இருக்கும் இடம் நல்ல இடம். என்னைப் போலத் துரத்தப்பட்டவர்களுக்கென்று சிலர் சேர்ந்து நடத்துகிற வீடு. பக்கத்து அறையில் ஒரு பத்திரிகைக்காரர். மாடியில், காட்டை வெட்டாதே என்று சொன்னதற்காக வீடு கொளுத்தப்பட்ட ஒரு விவசாயி. அவர் விடும் குறட்டையில் மறுபடி ஒரு காடே வெட்டுப்படுகிறது.

அடித்தவர்கள் மூன்று பேர். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். மார்பில் பெயர்ப்பட்டை இல்லை. இருவரின் சட்டையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மூன்றாமவன் இடது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வலது கையால் அடித்தான். கடைசிவரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. நெஞ்சு வலிக்காரனைக்கூடவா வேலைக்கு எடுக்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது நீ கேட்டதால். யாரிடமும் சொல்லாதே. தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போ, வா. பேசாமல் இருப்பது உனக்குப் பழக்கம்தானே.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

நீ எழுதிய மூன்றாமவன் நேற்று எங்கள் கடைக்கு வந்தான்.

வரிசையாகச் சொல்கிறேன், பதறாதே. முன்பெல்லாம் காவலர் சட்டைக்குப் பெயர்ப்பட்டை வந்தால் மார்பில் வைத்து நான்கு பக்கமும் தைத்துவிடுவோம். இந்த வருடம் புது உத்தரவு வந்தது. சட்டையில் பஞ்சு போன்ற வெல்க்ரோ, பட்டையின் முதுகில் சொரசொரப்பான வெல்க்ரோ. அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் சர்ரென்று கையோடு வரும். துவைக்கச் சௌகரியமாம். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அத்தை அப்போதே சொன்னாள்: "துணி துவைக்கவா, கை கழுவவா?" மாஸ்டர் அவளை முறைத்தார்.

நேற்று மதியம் ஒருவன் சீருடைச் சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். மேசையில் போட்டான்.

"யோவ் மாஸ்டர், என்னய்யா தெச்சிருக்கீங்க? இது கழட்டவே வரமாட்டேங்குது!"

மாஸ்டர் எடுத்துப் பார்த்தார். வெல்க்ரோவும் இருந்தது, அதன் மேல் பட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் தையலும் இருந்தது. என் தையல்தான். மூலையில் திரும்பும்போது ஒரு தையல் கூடுதலாகப் போடுவேன், அதை வைத்து எங்கள் கடையில் யாருக்கும் தெரியும். பழைய பழக்கத்தில் கை அதுவாகவே ஓடியிருக்கிறது.

"தப்பு நடந்துபோச்சு சார். ஏண்டி, கண்ணைக் கடன் குடுத்துட்டியா?" என்று மாஸ்டர் என்னைத் திட்டினார்.

அவன் சிரித்தான். "உங்களுக்கென்ன, அன்னிக்கு ஸ்டேஷன் வாசல்ல எல்லாரும் டக்குனு கழட்டிப் பாக்கெட்ல போட்டாங்க. நான் மட்டும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். அது போட்டுது பாரு ஒரு கத்து, காது இன்னும் வலிக்குது."

அது என்றான். உன்னைத்தான், அக்கா.

சனிக்கிழமைக்குள் பிரித்துத் தைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். மாஸ்டர் சட்டையை என் மடியில் போட்டார். தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தேன். பட்டையில் பெயர் இருந்தது. அவனுக்கு நெஞ்சு வலி இல்லை. அந்தப் பெயரைத்தான் கையால் மூடியிருக்கிறான்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு தையலும் பிரிக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

உன் தங்கை

மார்ச் 17

அடி பைத்தியமே,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். இதையும் நீ கிழித்துவிடு.

என்ன செய்ய வேண்டும் என்றா கேட்கிறாய்? தையலைப் பிரி. வெல்க்ரோவைச் சரி செய். சட்டையை அவனிடம் கொடு. மாஸ்டர் திட்டினால் வாங்கிக்கொள். அவன் பெயரை எனக்கு எழுதாதே, யாருக்கும் எழுதாதே, மறந்துவிடு.

வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்கிறார். என் வாக்குமூலத்தை ஆஸ்பத்திரியிலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். அது போதும். இதில் நீ தலையிட ஒன்றுமில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. இடது கைக்குக் கோபம் தவிர வேறு எதையும் எழுத வரவில்லை.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

போதுமா? எது போதும்?

உன் துணிமணியை வாங்கிப்போக வக்கீல் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் கதவோரம் நின்று கேட்டேன். நான் கேட்டதில் அவருக்கே ஆச்சரியம். மூன்று வருடமாக அவர் வந்து போகிறார், என் குரலைக் கேட்டதே இல்லையாம்.

எல்லாவற்றையும் சொன்னார். உன் வழக்குக்குக் காவல்துறை எழுதிக் கொடுத்த பதில் என்ன தெரியுமா? உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. "எங்கள் காவலர்களின் பெயர்ப்பட்டை சட்டையோடு நான்கு பக்கமும் தைக்கப்பட்டது. கழற்றவே முடியாது. ஆகவே பெயரில்லாமல் வந்தவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல. யாரோ வேடம் போட்டிருக்கிறார்கள், அல்லது இந்தப் பெண் பொய் சொல்கிறாள்." பொய்ப்புகார் என்று முடிவானால் நீ சிறைக்குப் போக வேண்டும். சங்கத்தின் பதிவையும் ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கூலிக்காரர்கள் எங்கே என்று கேட்க ஒரு ஆள் மிஞ்சமாட்டார்.

இவ்வளவையும் மறைத்துவிட்டு, பிரித்துக் கொடுத்துவிடு என்று எழுதுகிறாய்.

நம் வீட்டு வாசலில் எத்தனை அம்மாக்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறாய்? "நீங்க பாத்ததை நீங்கதான் சொல்லணும், வேற யாரும் சொல்ல முடியாது." உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டு நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஊரார் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம், உன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயமா? அவர்கள் வாயைத் திறக்க வேண்டும், என் வாய்க்கு மட்டும் பூட்டா?

சட்டையைப் பற்றிக் கேட்பாய். சனிக்கிழமை அவன் வருவதற்கு முன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். முழுதாகச் சொல்ல வரவில்லை. "அந்த நெஞ்சு... எங்க அக்கா..." என்றேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் இஸ்திரிப் பெட்டியையே பார்த்தார். அப்புறம் அதைத் திருப்பி நிமிர்த்தி வைத்தார், இல்லாவிட்டால் துணி கருகியிருக்கும்.

அவன் வந்தான். மாஸ்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "சார், அதைப் பிரிச்சா துணி ஓட்டையாயிடும். நம்ம தப்புக்கு நீங்க ஏன் ஓட்டைச் சட்டை போடணும்? இந்தாங்க, புதுசு. உங்க அளவுதான்." அவன் புதுச் சட்டையை வாங்கிக்கொண்டு, மாஸ்டர் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

போன பிறகு மாஸ்டர் சொன்னார்: "நான் ஒண்ணும் செய்யலை. ஒரு கஸ்டமருக்குச் சட்டை மாத்திக் குடுத்தேன். அவ்வளவுதான். என்னை வேற எதுலயும் இழுக்காதே தாயி." பழைய சட்டை வெட்டுத்துணி மூட்டைக்குள் இருக்கிறது.

உன் தங்கை

மார்ச் 28

தங்கைக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. சரியாக இருப்பதால்தான் பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

நான் மறைத்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேள். என்னை அடித்தபோது மறுநாள் பத்துப் பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். வக்கீல் வந்தார். வேறு ஊரில் ஒரு அறை கிடைத்தது. கதவைத் திறப்பதற்கு முன் யார் என்று பார்க்க ஒருவர் இருக்கிறார். கடைக்குப் போனால் கூட ஒருவர் வருகிறார். எனக்கு அடி விழுந்தால் அதை எழுத ஆள் இருக்கிறது. உனக்கு யார் இருக்கிறார்கள்? சந்து முனையில் விளக்குக்கூட எரியாது. நீ தனியாக வேலைக்கு நடந்து போகிறவள். பயந்தால் கத்தவும் வராதவள்.

கோபித்துக்கொள்ளாதே, ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். வகுப்பில் வருகை கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்ல வாய் வராமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வராதவள் ஆனவள் நீ. அந்த வெட்கத்தில்தான் பள்ளியை விட்டாய். நீதிமன்றத்தில் காவல்துறை வக்கீல் ஒரு தடவை அதட்டினால் என்ன செய்வாய்? உன்னை அங்கே நிறுத்தி வைத்து அவர்கள் சிரிப்பதை, தூரத்திலிருந்துகூட என்னால் தாங்க முடியாது.

கடையைப் பற்றியும் யோசித்தாயா? மாஸ்டருக்கு வரும் வேலையில் பாதி அந்தச் சீருடை. நீ பேசினால் அது நின்றுவிடும். காஜா அத்தையின் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். மற்றவர்களின் சோற்றை வைத்து நான் வழக்கு நடத்தமாட்டேன்.

நான் சிறைக்குப் போனால் திரும்பி வருவேன். உனக்கு ஏதாவது ஆனால் நான் எங்கே போய்த் திரும்புவேன்?

அக்கா

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். திட்டாதே. காஜா அத்தையின் அடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதை அவளிடம் கேட்காமல் நீயும் நானும் எப்படி முடிவு செய்வது?

நான் படிக்கவில்லை, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் அக்கா படித்தாள். சட்டையையும் மூட்டையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

முதலில் சண்டைதான் வந்தது. ஓவர்லாக் அக்காவுக்கு ஆத்திரம். "அவங்க அக்கா பெரிய வீராங்கனை, சரி. நான் வீட்டு வாடகைக்கு யார்கிட்ட போய் நிப்பேன்? கோர்ட்டுல குடுப்பாங்களா?" என்றாள். அவள் கேட்டதில் தவறில்லை.

காஜா அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வாடகை போனா வேற தைக்கலாம்டி. பள்ளிக்கூடத்துக்குத் தைக்கிறோம், ஆஸ்பத்திரிக்குத் தைக்கிறோம். ஆனா இது என்ன? அடிக்கப் போறவனுக்குப் பேரைக் கழட்டி வெக்கத் தோதா நாம தெச்சுக் குடுத்திருக்கோம். தெச்சப்ப தெரியாது, சரி. இப்பத் தெரியுது. இனிமே அந்த வெல்க்ரோவை நான் தொட்டா என் கை எனக்கே கூசும்."

"நீ காஜாதானே எடுக்கறே, வெல்க்ரோவை எங்க தொட்ட?" என்றாள் ஓவர்லாக் அக்கா.

"பேச்சுக்குச் சொன்னா குறுக்க வந்துடுவியே!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். திரும்பி வந்து, "எந்தத் தேதி விசாரணை?" என்றார். "அன்னிக்குக் கடை லீவு. கரண்ட் இல்லைன்னு போர்டு எழுதிப் போட்டுடலாம்." ஓவர்லாக் அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லப் போறதுக்குப் பொய் போர்டா மாஸ்டர்?" என்றாள். அப்போதுதான் அவளும் வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

இன்னொன்று. உன் கடிதத்தில் நான் தனியாக நடந்து போகிறவள் என்று எழுதியிருந்தாய். அன்று மாலையிலிருந்து நான் தனியாக நடக்கவில்லை. கடை மூடியதும் எல்லோரும் முதலில் என்னை வீட்டில் விடுகிறார்கள். சந்து முனை விளக்குக்குப் பட்டன் மாமா புகார் எழுதிக் கொடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. தன் காசில் ஒரு பல்பை மாட்டிவிட்டார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். "பெரியவளுக்குத் துணையா நிக்க நான் வெளிய வந்திருக்கணும். கதவைச் சாத்திட்டுத் தட்டைக் கழுவிக்கிட்டிருந்தேன்" என்றாள். அவளும் வருகிறாள்.

நான் சாட்சி சொல்வதாக வக்கீல் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. சட்டையும் அவரிடம் இருக்கிறது. நீ சம்மதிப்பாயா என்று கேட்கவில்லை. தெரியப்படுத்துகிறேன்.

உன் தங்கை

ஏப்ரல் 5

தங்கைக்கு,

உன் கடைசி வரியைப் படித்ததும் முதலில் வந்தது கோபம். அந்த வரியை மாடி விவசாயியிடம் காட்டினேன். "இது உன் எழுத்து மாதிரியே இருக்கே" என்றார்.

போகாதே என்று இனிமேல் சொல்லமாட்டேன். மற்ற சாட்சிகளுக்குச் சொல்வதை மட்டும் உனக்கும் சொல்கிறேன். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல், அதில் அவமானம் ஒன்றுமில்லை. அதட்டினால் நீதிபதியைப் பார், வக்கீலைப் பார்க்காதே. வாய் வராவிட்டால் வரும்வரை நின்றுகொண்டிரு. யாரும் உன்னை அவசரப்படுத்த முடியாது. முடிந்த பிறகு கூட்டமாக வெளியே வா. எல்லோரும் வீடு சேர்ந்த பிறகு ஒவ்வொருவரும் மற்றவரை விசாரிக்க வேண்டும்.

எனக்காகப் போகிறாய் என்று நினைத்தால் போகாதே. நீ தைத்ததைப் பற்றி அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதற்காகப் போ.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

எல்லோரும் வீடு சேர்ந்துவிட்டோம். விசாரித்தும் ஆயிற்று. அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

கூடம் பெரியது. மேலே மின்விசிறி சுற்றும் சத்தம்தான் எங்கும். நீதிபதி வயதான அம்மா, வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒரு சின்ன மணி வைத்திருந்தார், சத்தம் கூடினால் அதை அடித்தார். எதிர்ப்பக்கம் காவல்துறை அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வக்கீல் எழுந்து அதே பதிலை மறுபடி படித்தார். நான்கு பக்கமும் தைக்கப்பட்டது, கழற்றவே முடியாது.

என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் கேட்டார்கள். சொன்னேன். "கேக்கலை" என்றார் அவர்கள் வக்கீல். மறுபடி சொன்னேன். "இன்னும் கேக்கலை. எது வரைக்கும் படிச்சிருக்கே?" எட்டு என்றேன். "ஏன் நிறுத்தினே?" வக்கீல் அண்ணன் எழுந்து ஆட்சேபித்தார். அதற்குள் எனக்கு வாய் வராமல் போய்விட்டது.

நீ சொன்னபடி நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"பாருங்க அம்மா, பேசவே வராத பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க" என்றார் அவர். முன் வரிசையில் சிரித்தார்கள். பின்னாலிருந்து காஜா அத்தையின் குரல்: "சிரிக்கிற பல்லையெல்லாம் எண்ணி வெச்சுக்கோடி!" மணி அடித்தது. அத்தையை வெளியே அனுப்புவேன் என்று நீதிபதி எச்சரித்தார்.

வக்கீல் அண்ணன் நம் சட்டையை மேசையில் வைத்தார். உடனே அவர்கள் வக்கீல் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இதோ! நான் சொன்னது இதைத்தானே? நாலு பக்கமும் தெச்சிருக்கு! இவங்களே எங்க கட்சிக்குச் சாட்சி கொண்டு வந்திருக்காங்க!" என்று சட்டையைக் கூடம் முழுக்கக் காட்டினார். வக்கீல் அண்ணன் தையலுக்கு அடியில் வெல்க்ரோ இருக்கிறது என்று விளக்கினார், ஆனால் சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. என்னுடைய ஒரு தவறை வைத்து அவர்கள் எல்லாவற்றையும் மூடிவிடப் பார்த்தார்கள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அக்கா. செய்யத்தான் தெரிந்தது.

கூடத்து வாசலில் ஒரு காவலர் நின்றுகொண்டிருந்தார். இளவயது. காலரைப் பார்த்ததுமே எங்கள் கடைச் சட்டை என்று தெரிந்தது. கூண்டிலிருந்து இறங்கி நடந்தேன். "ஏய், எங்க போறே?" என்றார் யாரோ. நடந்துகொண்டே இருந்தேன். அவர் முன்னால் போய் நின்று, "மன்னிச்சுக்குங்க அண்ணா" என்று சொல்லி, அவர் மார்பிலிருந்த பெயர்ப்பட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

சர்ர்ர்.

அந்தக் கூடத்தில் அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. மின்விசிறிகூட நின்றுவிட்டது போல இருந்தது. பாவம், அந்தக் காவலர் தன் மார்பைக் குனிந்து பார்த்தார். அங்கே வெறும் பஞ்சுப் பட்டை.

பட்டையைக் கொண்டுபோய் நீதிபதியின் மேசையில் வைத்தேன். அப்போது குரல் வந்தது. "எல்லாச் சட்டையும் இப்படித்தான் தைக்கச் சொன்னாங்க அம்மா. அந்த வக்கீல் சார் கையில இருக்கிற சட்டை மட்டும் நான் தவறிப்போய் தெச்சுட்டேன். அதனாலதான் எங்க அக்காவை அடிச்சவர் கையை நெஞ்சிலிருந்து எடுக்கலை. அவர் பேர் அதுலயே இருக்கு."

நீதிபதி அம்மா தானே அதை ஒட்டிப் பார்த்தார். பிய்த்துப் பார்த்தார். மறுபடி ஒட்டினார், பிய்த்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் சிலர் தங்கள் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வக்கீல் தண்ணீர் கேட்டார்.

மாஸ்டர் எழுந்தார். அவரைச் சாட்சியாகக் கூப்பிடவே இல்லை. "அம்மா, ஆர்டர் வாங்கினவன் நான். என்னையும் எழுதிக்குங்க" என்றார். என்னை எதுவிலும் இழுக்காதே என்று சொன்ன மனிதர்.

பொய்ப்புகார் என்ற பேச்சை நீதிபதி அங்கேயே தள்ளிவிட்டார். சட்டைக்காரனை ஆஜராகச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார். பிடித்துக்கொண்டு போன கூலிக்காரர்கள் எங்கே என்று அடுத்த விசாரணையில் பதில் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அது நீ கேட்ட கேள்வி. இனி அதை அவர் கேட்கிறார்.

அலுவலகத்தின் முத்திரை இன்னும் இருக்கிறது. அதற்கு வக்கீல் அண்ணன் தனியாக மனு போடுகிறார்.

உன் தங்கை

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நீ பயந்தது நடந்துவிட்டது. சீருடை வேலையை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கைவசம் இருக்கிற சட்டைகளை முடித்துக் கொடுத்துவிட்டு மீதித் துணியைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரவு யாரோ கடைப் பலகையில் தாரைப் பூசிவிட்டுப் போனார்கள். மாஸ்டர் அதன் மேலேயே சுண்ணாம்பால் கடைப் பெயரை எழுதிவிட்டார். முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஓவர்லாக் அக்கா வாடகைக்காக வேறு இடத்திலும் பாதி நேரம் தைக்கிறாள். மாலையில் என்னை வீட்டில் விட மட்டும் தவறாமல் வந்துவிடுகிறாள். "உன்னை விட்டுட்டுத்தாண்டி எனக்குச் சோறு இறங்குது" என்கிறாள்.

கடைசிச் சட்டைகளை எப்படி முடிப்பது என்று மாஸ்டர் எங்களைக் கேட்டார். நான்தான் சொன்னேன்: "நாலு பக்கமும் தெச்சிருக்கும்னு அவங்க எழுத்துலயே குடுத்திருக்காங்களே. அவங்க சொன்னபடியே செஞ்சுடலாம்." காஜா அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் உட்கார்ந்து தைத்தோம். எல்லாப் பட்டையையும். மூலைக்கு மூலை நான் போடுகிற கூடுதல் தையலை அத்தைக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

இன்று மூட்டையை வாங்கிக்கொள்ள ஒரு அதிகாரி வந்தார். மேலே இருந்த சட்டையை எடுத்து, பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். வரவில்லை. அடுத்ததை எடுத்தார். அதுவும் வரவில்லை. முகம் சிவந்துவிட்டது. "யார் தெச்சது இதை?" என்று கத்தினார்.

மெஷின்கள் நின்றன. மாஸ்டர் வாயைத் திறந்தார். அவருக்கு முன் நான் எழுந்துவிட்டேன்.

"நான்தான் சார். எங்கயாவது பிரிஞ்சா கொண்டாங்க. காசு வாங்காம தெச்சுத் தர்றேன்."

உன் தங்கை